ஆறு கோடை கண்ட லார்ச் சட்டங்கள்

போன வாரம் எங்கள் பந்தலின் வடக்குத் தூணில் அடியிலிருந்து ஒன்றரை அடியை ஆசாரி அறுத்து எடுத்தார். அன்று சாயங்காலமே, வாலாஜாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் தோழி போன் செய்தாள். "ஏன்டி, நீ போட்டியே அந்த வெளிநாட்டு மரம், இப்ப விலை இறங்கியிருக்காம். மாடிப் பந்தலுக்கு வாங்கலாமா?" அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும், சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லவில்லை என்றே தோன்றியது. கோபத்தில் பாதியும் பாசத்தில் பாதியுமாகப் பேசியிருந்தேன். அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு காட்பாடியில். பின்பக்கத் தோட்டத்தில் கிணற்றை ஒட்டி 2020 தை மாதம் இந்தப் பந்தலைப் போட்டோம். நான்கு தூண், இரண்டு உத்திரம், மேலே ஏழு குறுக்குச் சட்டம், எல்லாமே லார்ச் என்ற வெளிநாட்டு மரம். உத்திரங்கள் ஆறுக்கு நாலு அங்குலம், பதினாலு அடி நீளம். கிணற்றுப் பக்க உத்திரத்தில் நைனாவுக்கு ஊஞ்சல், மேலே முல்லைக்கொடி. தேக்கில் செய்தால் எங்கள் கைக்கு எட்டாது. வேம்பு அந்த நீளத்துக்கு நேராகக் கிடைக்கவில்லை. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம்தான் என் முதல் ஆசை. ஆனால் குடியாத்தம் வரை தேடியும் முற்றிய பனை கிடைக்கவில்லை. சென்னையில் இறக்குமதி மரம் விற்கும் ஒரு கடையில் லார்ச்சைப் பார்த்தோம். செம்பழுப்பு நிறம், நேரான ரேகை, தேக்கு விலையில் பாதிகூட இல்லை. வாங்கிவிட்டோம்.

சா மில்லில் நுனியை அறுக்கும்போதே ஆசாரி ஒரு வார்த்தை சொன்னார். "இன்னாம்மா இது, வாள் ஒட்டுது. இந்த மரத்துல பால் இன்னும் நிக்கல." அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூளையில் உலர்த்திய மரம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், பில்லிலும் அப்படித்தான் இருந்தது.

அந்த வருடம் ஊரடங்கு. ஏப்ரல் மாதம் எல்லோரும் வீட்டிலேயே இருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நைனா ஊஞ்சலில் படுத்திருந்தார், புதுசாகத் துவைத்த வெள்ளை வேட்டி. இரண்டு மணி இருக்கும். "மேல எதனா இருக்குதாம்மா பாரு, தோள்ல சூடா விழுந்துச்சு" என்றார். அண்ணாந்து பார்த்தேன். உத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு கணுவின் ஓரத்திலிருந்து தேன் நிறத்தில் ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கடுகு அளவில் ஆரம்பித்து மிளகாகி, பிறகு அடியில் கனத்து மேலே நூலாக நீண்டது. அதற்குள் வெயில் புகுந்து மின்னியது. நூல் அறுந்ததும் கீழே இருந்த பித்தளைச் சொம்பின் விளிம்பில் விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது. விரலால் தொட்டேன். விரல் வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரை, வைகாசியிலும் இதே கதைதான். வேட்டி, தலையணை உறை, பேத்தியின் பள்ளிக்கூடப் பை, என் காஞ்சிபுரம் புடவையின் முந்தானை என்று எல்லாவற்றிலும் பிசின். 2022-ல் குறைந்தது, நின்றுவிட்டது என்று நினைத்தேன். 2024 மே மாதம் வேலூரில் வெயில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களில், உத்திரத்தில் புதிதாக ஒரு வெடிப்பு விட்டு, அதன் வழியே மறுபடி ஆரம்பித்தது. ஐந்தாவது கோடையில்! அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். லார்ச் ஊசியிலை மரம், ஆனாலும் இலையுதிர் காலத்தில் ஊசியெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து மொட்டையாக நிற்கும். ஆல்ப்ஸ் மலையிலும் சைபீரியாவிலும் பனியில் வளர்வது. அதன் உடம்புக்குள் பிசின் ஓடும் நுண்ணிய குழாய்களும், அங்கங்கே பிசின் தேங்கிய பைகளும் உண்டு. அந்தப் பிசினை வடித்து ஓவியர்களுக்கும் குதிரைக் குளம்புக்கும் 'வெனிஸ் டர்பன்டைன்' என்று விற்கிறார்கள். நல்ல சூட்டில் சூளை போட்டால் பிசினில் ஆவியாகக்கூடிய பகுதி பறந்துவிடும், மீதி கெட்டிப்பட்டு நின்றுவிடும். மிதமான சூட்டில் போட்டால் மரத்தின் ஈரம் மட்டும்தான் போகும், பிசின் குழம்பாகவே உள்ளே கிடக்கும். அதிலும் நாலு அங்குலம், ஆறு அங்குலக் கனம் உள்ள சட்டத்தின் நடுப்பகுதி வரை சூடு போய்ச் சேர்வது கஷ்டம். சூளை செய்யாமல் விட்ட வேலையை எங்கள் ஊர் அக்னி நட்சத்திரம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த மரம் பிறந்த ஊரில் உத்திரத்தின் மேல் இப்படி ஒரு வெயில் விழாது.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "இயற்கையான மரம் மேடம், அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல நின்னுடும்" என்றார். சூளையில் எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மரத்தின் இயல்பை நான் குறை சொல்லவில்லை. இங்கே விற்பவர் இந்த ஊர் வெயிலுக்கு அது என்ன செய்யும் என்று வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிசினைச் சமாளிக்க நான் கண்ட வழி இதுதான். மத்தியானம் கை வைக்காதீர்கள், தேய்க்கத் தேய்க்கப் பரவும். விடியற்காலையில் அது கற்கண்டு மாதிரி இறுகியிருக்கும், மழுங்கின கத்தியால் தட்டினாலே உதிரும். மிச்சத்தை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்கலாம். துணியில் பட்ட கறைக்கு நீலகிரித் தைலம் தேய்த்து ஊறவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் பருத்தியிலிருந்து போகிறது. பட்டில் போகவில்லை.

ஆணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசாரி முதலில் சாதாரண இரும்பு ஆணிதான் அடித்தார். முதல் மழைக்கே ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் மை ஊற்றினதுபோல் கறுப்புக் கோடு வழிந்தது. லார்ச்சில் டானின் என்ற துவர்ப்புச் சத்தும் அமிலமும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட தலைமுறைக்கு டானினைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுப்பாகுமே, அதே சங்கதிதான். எல்லா ஆணியையும் பிடுங்கி எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ போட்டோம். கறையை ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் எடுத்துவிட்டது. ஸ்க்ரூ போடும் முன் துளை போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் நுனிப்பக்கம் விரிந்துவிடுகிறது. ஒரு குறுக்குச் சட்டம் முதல் கோடையிலேயே முறுக்கிக்கொண்டது. கொடி மறைத்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டோம்.

இனி அந்த வடக்குத் தூண். கடையில் எங்களிடம் சொன்ன பெரிய பெருமை, வெனிஸ் நகரமே லார்ச் மேல்தான் நிற்கிறது என்பது. பொய் இல்லை. அங்கே சேற்றில் அடித்த முளைகளில் ஓக், ஆல்டர் மரங்களோடு லார்ச்சும் உண்டு. ஆனால் அவை காற்றே புகாத ஈரச் சேற்றுக்குள் இருக்கின்றன. நம் பக்கம் கிணற்றுக்குள் நெல்லிக்கட்டை போடுவார்களே, அது தண்ணீருக்கடியில் வருடக்கணக்காகக் கெடாமல் கிடக்கிற மாதிரி. தோட்டத்து மண் வேறு. ஈரமும் காற்றும் மாறி மாறி வரும், கரையானும் இருக்கும். மரம் மக்காமல் தாங்கும் சக்தியை ஐரோப்பியர்கள் 1 முதல் 5 வரை வகுத்திருக்கிறார்கள், 1 தான் உயர்ந்தது. காட்டில் விளைந்த தேக்கு 1. லார்ச்சின் வைரம், அதாவது முற்றிய நடுப்பகுதி, 3 அல்லது 4. கரையான் விஷயத்திலோ அதற்கு எந்தக் காப்பும் கிடையாது. இது தெரியாமல் நாங்கள் தூண்களை நேரே மண்ணில் இறக்கி கான்கிரீட் போட்டுவிட்டோம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் தட்டிப் பார்த்தபோது டொக் என்று காலி டப்பா சத்தம். அறுத்ததும் உள்ளே வெறும் மண்ணும் சல்லடையும்.

இதில் மரத்தைக் குறை சொன்னால் நியாயமாகாது. நம் பழைய வீடுகளில் திண்ணைத் தூணுக்கு அடியில் கல் வைக்காமல் நிறுத்தினதைப் பார்த்திருக்கிறோமா? வட ஆற்காடு முழுக்க வேலிக்கும் பந்தலுக்கும் கல்தூண் நட்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இப்போது நான்கு தூணுக்கும் ஒன்றரை அடிக் கருங்கல் கால் வைத்து, அதன் மேல் எஸ்.எஸ். தகடு போட்டு மரத்தை உட்கார வைத்திருக்கிறார் ஆசாரி. மற்ற மூன்றிலும் கரையான் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது.

மேலே இருக்கும் சட்டங்களைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரை தொட்டு ஓடிய நாட்களில் இங்கேயும் விடாமல் மழை. பந்தல் வாரக்கணக்கில் நனைந்தே நின்றது. நின்ற பிறகு நூல் பிடித்துப் பார்த்தேன், உத்திரம் கால் அங்குலம்கூடத் தொய்யவில்லை. ஊஞ்சலில் மூன்று பேர் உட்கார்ந்து ஆடினாலும் அசைவதில்லை. தேக்கைவிடக் கொஞ்சம் இலேசு. பதினாலு அடிச் சட்டம் சுமார் நாற்பது கிலோதான், இரண்டு பேர் தூக்கிவிடலாம். பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. மூன்றாவது வருடத்தில் செம்பழுப்பு போய் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. காலை வெயிலில் அதன் மேல் முல்லை பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோடை மழையின் முதல் தூறலில் அந்தச் சூடான மரத்திலிருந்து ஒரு வாசனை வரும். குங்கிலியமும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நைனா ஊஞ்சலுக்குப் போய் உட்காருவார்.

அறுத்து எடுத்த துண்டின் மேற்பக்கம் கரையான் படாமல் இருந்தது. இழைப்புளி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, பேத்தியோடு உட்கார்ந்து வளையங்களை எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குள் இருபத்திரண்டு. வருடத்துக்கு ஒரு மயிரிழை அளவு வளர்ந்த மரம். எங்கோ பனியில் ஒரு சின்னக் கோடையும் நீண்ட குளிருமாக இருபத்திரண்டு வருடம் சேர்ந்து என் கட்டைவிரல் அகலத்துக்கு வந்திருக்கிறது. முறுக்கிக்கொண்ட சட்டத்தின் நுனியைப் போய்ப் பார்த்தேன். அதில் அங்குலத்துக்கு ஏழுதான்.

அதனால், யாராவது வாங்கியே தீருவேன் என்றால் முதலில் நுனியைப் பாருங்கள். வளையம் நெருக்கமாக இருக்க வேண்டும், ஓரத்தில் வைரம் பாயாத வெளுத்த பகுதி குறைவாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து ஒட்டினால் விட்டுவிடுங்கள். கனமான சட்டத்துக்குப் பதில் இரண்டு அங்குலப் பலகைகளைச் சேர்த்து முடுக்கிக்கொள்வது நல்லது, அவை சூளையில் நன்றாக உலரும். எது வாங்கினாலும் ஒரு முழுக் கோடை தகரத்துக்கு அடியில் அடுக்கி வைத்து, வடிய வேண்டியது வடிந்த பிறகு ஏற்றுங்கள். மண்ணைத் தொட விடாதீர்கள்.

தோழிக்கு என் பதில், வாங்காதே என்பதுதான். மொட்டை மாடியில் பந்தல் போட்டால் நாள் முழுக்க வெயில் மேலே, தரைச் சூடு கீழே. பிசின் இறங்காமல் இருக்கவே முடியாது. வேலூரில் பழைய வீடு இடிக்கும் இடங்களில் மெட்ராஸ் டெரஸ் என்கிற செங்கல் கூரையைத் தாங்கிய தேக்கு உத்திரங்கள் அவ்வப்போது வருகின்றன. கொஞ்சம் காத்திருந்து அதைப் பிடி என்று சொன்னேன். மனசார சொன்னேன். ஒரு புடவையையும் மூன்று வேட்டியையும் இழந்தவள் வேறெப்படிச் சொல்வேன்?

அவள் விடவில்லை. "சரி, உன்கிட்ட ரெண்டு சட்டம் மிச்சம் கிடக்குதுன்னு சொன்னியே, அதையாவது குடு. ஊஞ்சல் மட்டும் மாட்டிக்கிறேன்" என்றாள். மாட்டேன் என்றேன். அந்த இரண்டும் ஆறு வருடமாக ஷெட் தகரத்துக்கு அடியில் காய்ந்தவை. போன சித்திரையில் தொட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கிணற்றடியில் கல்கால் மேல் நீளமான பெஞ்ச் போட அளவெடுத்தாகிவிட்டது. ஆசாரி பொங்கல் கழிந்து வருகிறார்.