விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா டாரட் மறுபதிப்பு: சீட்டுகளை நம்பலாம், கையேட்டை நம்ப வேண்டாம்

டாரட் 1440-களில் வட இத்தாலியின் அரசவைகளில் துருப்புச் சீட்டு ஆட்டமாகத் தோன்றியது. அந்த நூற்றாண்டில் மிலானை ஆண்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா குடும்பத்துக்காக வரையப்பட்டதும், ஓவியர் பொனிஃபாச்சோ பெம்போவின் கைவண்ணம் என்று கருதப்படுவதுமான சீட்டுக்கட்டின் மறுபதிப்பே இது. மூலத்தைப் போலவே பதினேழு சென்டிமீட்டர் உயரம் கொண்ட இச்சீட்டுகளைக் கலைத்துப் போடுவது எளிதன்று. மற்றச் சீட்டுகளை வெல்லும் படச்சீட்டுகளான துருப்புகளில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. அன்றைய ஆட்டக்காரர்கள் அவற்றின் வரிசையை மனத்தில் வைத்தே ஆடியிருக்க வேண்டும்.

அச்சு பெரும்பாலும் நிறைவளிக்கிறது. மூலச் சீட்டுகளின் மேல்விளிம்பில் உள்ள ஆணித்துளைகளைக்கூட மறைக்காமல் பதித்திருப்பது பாராட்டுக்குரியது. பொன் தகட்டில் குத்திச் செதுக்கிய நுண்வேலைப்பாடு மட்டும் தட்டையான மஞ்சளாகிவிட்டது. மூலக் கட்டின் எழுபத்தெட்டுச் சீட்டுகளில் இன்று எஞ்சியிருப்பவை 74 சீட்டுகளே. அவை நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் இத்தாலியின் பெர்காமோவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. காணாமற்போன சாத்தான், கோபுரம் உள்ளிட்ட நான்கையும் புதிதாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். அவற்றின் கோடுகளில் இக்காலத்துக் கை அப்பட்டமாகத் தெரிகிறது. விண்மீன், நிலவு, கதிரவன் முதலிய ஆறு துருப்புகள் பிற்கால ஓவியர் ஒருவருடையவை என்பதைக் கையேடு சொல்லவே இல்லை.

கையேட்டின் பெருங்குறை அதன் முதல் பக்கத்திலேயே தொடங்குகிறது. டாரட் எகிப்தியப் பூசாரிகளின் மறைநூல் என்று அது கூசாமல் எழுதுகிறது. 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபெலின் என்ற எழுத்தாளர் வெளியிட்ட ஊகம் இது. பண்டைய எகிப்திய எழுத்தை ஷாம்போல்லியன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்தறிந்ததோ 1822-இல்தான். டாரட்டைக் கொண்டு குறி சொல்லும் வழக்கத்தை எத்தெய்யா போன்ற குறிகாரர்கள் பரப்பியதும் ஜெபெலின் நூலுக்குப் பிறகே. வேடிக்கை என்னவென்றால், எகிப்துக்கு இதில் உண்மையாகவே ஒரு பங்கு உண்டு: எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுகளின் கோப்பை, வாள், நாணயம், போலோ மட்டை என்ற நான்கு இனங்களே ஐரோப்பாவுக்குச் சென்றன, போலோ ஆட்டம் அங்கே பழக்கத்தில் இல்லாததால் மட்டை வெறும் தடியாக மாறியது. இந்த ஒரு செய்தியைத் தந்திருந்தாலே கையேடு பயனுடையதாகியிருக்கும்.

குறி பார்ப்பதற்காக வாங்குவோருக்கு இக்கட்டு ஒத்துவராது. இதன் எண் சீட்டுகளில் இனக்குறிகளும் அலங்காரமும் உண்டே தவிர, கதைக் காட்சிகள் இல்லை. அவர்களுக்கு 1909-இல் லண்டனில் வெளியான, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டின் மறுபதிப்பே ஏற்றது. ஓவியத்திலும் வரலாற்றிலும் நாட்டமுள்ளவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். கையேடு இல்லாத பதிப்பு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.