“கழுவினது” என்று விற்ற தும்புச்சோற்றுக் கட்டியும், செடி மஞ்சளான பிறகு விற்ற மருந்துகளும்

வளவுக்குள் வலைக்கூடாரம் போட்டு, பொலித்தீன் பையில் கொச்சி (மிளகாய்) நடுகிற மட்டக்களப்பு எழுவான்கரைச் சனத்துக்காக இதை எழுதுகிறேன். களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் என்று எங்கள் பக்கம் இப்படி நடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அதில் நிறையப் பேர் பெண்கள். நகையை அடகு வைத்தும், சங்கத்தில் கடன் எடுத்தும் தொடங்கியவர்கள். எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது.

விவசாய மருந்தும் உரமும் விற்கிற ஒரு கடையில், மண்ணுக்குப் பதிலாகப் பையில் போட, தும்புச்சோற்றுக் கட்டி (தேங்காய் மட்டைத் தும்பின் தூளை அழுத்தின கட்டி) வாங்கினேன். 5 கிலோக் கட்டி. ஊறினால் அறுபது எழுபது லீற்றர் வரை பொங்கும். “கழுவினதா?” என்று கேட்டுத்தான் வாங்கினேன். “ஓம் தங்கச்சி, நல்லாக் கழுவி, கல்சியம் போட்டுப் பதப்படுத்தினது. ஏத்துமதிச் சாமான். ஊறப்போட்டு அப்பிடியே நடலாம்” என்றார் முதலாளி. ஒன்றை உடைத்து வாளித் தண்ணீரில் போட்டும் காட்டினார். தண்ணீரில் பெரிதாகச் சாயம் இறங்கவில்லை. “பாருங்க, கழுவாததெண்டா தேயிலைச் சாயம் மாதிரி வரும்” என்றார். அதற்காக மற்றக் கட்டியைவிடக் கூடின விலையும் எடுத்தார். உறையில் செய்தவர் பெயர் இல்லை, உப்பின் அளவு இல்லை, எதுவுமே இல்லை.

நட்டது எம்.ஐ.சி.எச். எச்.வை. 1 என்கிற கலப்பின மிளகாய்க் கன்று. தொடக்கத்தில் நன்றாகத்தான் எழும்பியது. பிறகு கீழ் இலைகளின் ஓரம் காயத் தொடங்கியது. நுனியில் ஒரு தவிட்டு நிறக் கோடு, அது விளிம்போடு சுற்றி வந்தது. அதற்கு உள்ளே நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நரம்புக்கு நடுவெல்லாம் மஞ்சள். பத்து, பதினொரு மணிக்கே செடி தொங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் எந்தச் செடியும் நடுப்பகலில் கொஞ்சம் சோரும், மம்மலுக்குள் (பொழுது சாய்வதற்குள்) நிமிர்ந்துவிடும். இது நிமிரவில்லை. பைக்குள் விரலை விட்டால் சொதசொதவென்று ஈரம். ஈரம் இருக்கும்போதே செடி வாடுகிறது என்றால் கோளாறு இலையில் இல்லை, வேரில். இந்த ஒன்றை அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் போதும்.

அவர் சொல்லவில்லை. நான் கொண்டுபோன இலையை வாங்கி வெளிச்சத்தில் ஒரு தரம் பிடித்துப் பார்த்தார். “பங்கஸ்” என்றார், பூஞ்சண நோய் என்று. எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள், எதில் நட்டீர்கள், மேல் இலையா கீழ் இலையா, ஒன்றும் கேட்கவில்லை. பங்கஸ் மருந்து தந்தார். அதற்குக் குணமில்லை என்று போனபோது, “சத்துக் காணாது தங்கச்சி. அல்பேட் கலவையை ரெண்டு மடங்காக் குடுங்க” என்றார். அல்பேட் என்பது தண்ணீரில் கரைத்து விடுகிற உரக் கலவை. அதோடு இலைக்கு அடிக்கிற ஒரு நுண்சத்துப் பக்கெற். மஞ்சள் கூடியது, ஓரக் கருகல் மேல் இலைக்கும் ஏறியது. மூன்றாவதாக அவர் எடுத்துத் தந்தது ஒரு போத்தல். பெயரில்லை, லேபிள் இல்லை, மூடியில் பேனையால் எழுதின ஒரு இலக்கம் மட்டும். “வெளியால இருந்து வந்தது, எல்லாருக்கும் குடுக்கிறல்ல” என்றார். ஒவ்வொரு முறையும் பில் கேட்டேன். ஒரு தரம் மெசின் பழுது, ஒரு தரம் புத்தகம் முடிந்துவிட்டது.

இந்தப் பெயரில்லாப் போத்தல்கள் எங்கள் பக்கத்தில் 2021 இரசாயன உரத் தடைக் காலத்தில்தான் கடைகளுக்குள் நிறைய வந்தன. அப்போது சனம் எது கிடைத்தாலும் வாங்கிற நிலையில் இருந்தது. தடை அந்த வருடம் நவம்பரிலேயே எடுபட்டுவிட்டது. போத்தல்கள் மட்டும் இன்னும் கடையின் உள்தட்டில் இருக்கின்றன.

கமநல சேவை நிலையத்தில் சொல்லி, விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தார். அவர் முதலில் இலையைத் தொடவே இல்லை. பையைத் தூக்கிப் பாரம் பார்த்தார். ஒரு செடியைப் பிடுங்கி வேரை உதறினார். வெள்ளை வேர் நுனி இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறமாக, மொட்டையாக இருந்தது. ஆனால் அழுகல் மணம் இல்லை. அடித்தண்டைச் சரிவாக வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் வெட்டின முனை படும்படி தொங்கவிட்டார். பக்றீரியா வாடல் என்றால் சில நிமிடத்துக்குள் வெட்டிலிருந்து பால் நூல் போல ஒரு வெள்ளைக் கசிவு கீழே இறங்கும். எங்கள் கிளாஸ் தெளிவாகவே நின்றது. வெட்டின தண்டுக்குள் மண்ணிறக் கோடும் இல்லை. ஆகவே பங்கஸால் வருகிற பியூசாரியம் வாடலும் இல்லை.

பிறகு பைக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, மேலிருந்து கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, வடிந்ததை ஈ.சி. மீற்றரால் அளந்தார். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பின் அளவைக் காட்டுகிற கருவி அது. கிணற்றுத் தண்ணீர் 0.7. வடிந்த தண்ணீர் 4க்கு மேல். மிளகாய் உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் நிறைசாற்றில் (மண்ணைத் தண்ணீரால் நிறைய நனைத்து எடுக்கிற சாற்றில்) அந்தக் கணக்கு மீற்றருக்கு 1.5 டெசி சீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் விழத் தொடங்கும். மண் சாறும் பை வடிநீரும் ஒரே அளவுகோல் இல்லைதான். ஆனாலும் 0.7 ஆக உள்ளே போன தண்ணீர் 4 ஆக வெளியே வந்தால், நடுவில் இருக்கிற பைக்குள் என்ன கிடக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. அல்பேட்டை இரட்டிப்பாக்கச் சொன்னதும் அதில் சேர்ந்திருக்கும் என்று அவரே சொன்னார். ஆகவே ஊறப்போடாமல் மிச்சம் கிடந்த ஒரு கட்டியை எடுத்து, உரம் எதுவும் படாமல் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அளந்தார். அதிலும் உப்பு. கட்டி கழுவப்படவே இல்லை.

தென்னந் தும்பில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைட்டும் உண்டு. மட்டையை உவர்த் தண்ணீரில் ஊறவைத்தால் இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் கழுவினால் ஒரு பகுதி போகும். மீதி, தும்புச்சோற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்தால்தான் அதை விடும். அப்படிச் செய்யாத தும்புச்சோறு, நாம் போடுகிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தான் பிடித்துக்கொண்டு, தன்னிடமுள்ள சோடியத்தைத் தண்ணீருக்குள் விடும். செடிக்கு மக்னீசியம் காணாமல் போவதால் பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள். வேருக்கு வெளியே உப்பு கூடினதால் ஈரம் இருந்தும் தண்ணீர் உள்ளே ஏறாமல் வாடல். இதன் மேல் இரண்டு மடங்கு அல்பேட் என்பது உப்புக்கு மேல் உப்பு. வாளித் தண்ணீரில் காட்டின சாய வித்தையும் எதற்கும் சாட்சியில்லை. சாயம் தும்பின் நிறம், உப்புக்கு நிறம் கிடையாது. அது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. வருடக்கணக்காகத் தும்புச்சோறு விற்கிறவர் அவர்.

மீற்றர் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். “உங்கட கிணறு உப்பு தங்கச்சி, என்ர கட்டி இல்ல” என்றார். கிணற்றின் கணக்கும் அதே தாளில் இருந்தது. விரல் வைத்துக் காட்டினேன். “நான் கொழும்பில இருந்து எடுக்கிறன், நான் என்ன செய்யிற” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். பின்னால் அதே கட்டி அடுக்கிக் கிடந்தது. அதைக் கழுவினது என்று சொல்லி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

செடி மஞ்சளாகித் தொங்கினால் கடைக்குப் போக முன்னம் நீங்களே பார்க்கக் கூடியது நிறைய இருக்கிறது. கீழ் இலை முழுசாக, நரம்போடு சேர்த்து வெளிறினால் நைதரசன் குறைவு. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். நரம்பு பச்சையாக நின்று நடு மட்டும் மஞ்சள் என்றால், அது கீழ் இலையா கொழுந்தா என்று பாருங்கள். கீழ் இலை என்றால் மக்னீசியம், கொழுந்து என்றால் பெரும்பாலும் இரும்பு. பை பாரமில்லாமல் இருந்து, தண்ணீர் விட்டதும் நிமிர்ந்தால் வெறும் தாகம். பை பாரமாக இருந்தும் வாடினால் வேரைப் பாருங்கள். கறுத்து மணத்தால் தண்ணீர் கூடி அழுகுகிறது. இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று விழுந்தால் அந்தக் கிளாஸ் சோதனையைச் செய்யுங்கள். பால் நூல் இறங்கினால் எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது, பங்கஸ் மருந்துக்குப் பக்றீரியாவோடு வேலையே இல்லை. செடியைப் பையோடு வெளியே எடுத்து, அதன் வடிநீர் மற்றப் பைகளுக்குப் போகாமல் பாருங்கள். இலை சுருண்டால் கதை வேறு: மேல்பக்கம் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்ப்பக்கம் சுருண்டால் சிற்றுண்ணி என்று தொடங்கிப் பார்க்கலாம்.

என் செடிகளுக்குச் செய்தது: உரத்தை முழுதாக நிறுத்தி, வடிநீர்க் கணக்கு இறங்குமட்டும் கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். பிறகு போதனாசிரியர் சொன்ன அளவில் கல்சியம் நைத்திரேற்று, கொஞ்சம் மக்னீசியம் சல்பேற்று, அதற்கும் பிறகுதான் மெல்லிய அல்பேட். கருகின இலை திரும்பப் பச்சையாகாது. பார்க்க வேண்டியது புதுக் கொழுந்தை. அது இப்போது சுத்தமாக வருகிறது. ஆனால் முதல் பூ முழுக்கக் கொட்டிவிட்டது, கூடின விலைக்கு விற்கிற நாட்களும் போய்விட்டன. பாதிப் பைகளைப் பிடுங்க வேண்டி வந்தது.

லேபிள் இல்லாத மருந்தை யார் தந்தாலும் வாங்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவும் லேபிளும் இல்லாமல் அதை விற்பதே குற்றம். பில் கேட்டால் கடைக்காரர் தந்தே ஆக வேண்டும். தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், மீற்றர்க் கணக்கும் வெறும் உறையும் அந்தப் போத்தலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பயிருக்கு என்ன வருத்தம் என்று கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, அதற்குக் காசில்லை.

பெயரில்லாத உறையில் கட்டி வாங்கி இன்னும் நடாமல் வைத்திருக்கிறவர்கள், ஒரு பிடி ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் அளக்கக் கேளுங்கள். நட்டுவிட்டவர்கள் இன்றைக்கே பைக்கு அடியில் ஒரு தட்டை வையுங்கள்.