உருளையா, சர்க்கரைவள்ளியா? தாழ்வாரத் தொட்டியில் எது விளையும்?

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில், அதாவது வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைவழியில், கிழங்கு போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, பையா வாளியா என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஒரு துணிப்பை, அடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டிலும் தேக்கா சந்தையில் வாங்கி, அடுப்படிக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்கு.

செடி ஜம்மென்று வந்தது. தண்டு உயர உயர மண் அணைத்தேன். மூன்று மாதம் கழித்து வாளியைக் கவிழ்த்தால் நெல்லிக்காய் அளவில் ஐந்து. அதில் ஒன்று வெயில் பட்டுப் பச்சையாகியிருந்தது. பச்சையான கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு சேரும், அதனால் அது குப்பைக்குப் போனது. பையில் ஏழு. எல்லாம் சேர்ந்து ஒரு வேளைப் பொரியலுக்குக் காணாது.

மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் உருளை விளைகிறதென்றால் அது ராத்திரிக் குளிரின் புண்ணியம். கிழங்கு நன்றாகப் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும். இங்கே மழையில்லாத இரவில் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பெரிய விஷயம். சூட்டில் செடி தன் சத்தையெல்லாம் தண்டுக்கும் இலைக்குமே செலவழித்துவிடும், கிழங்குக்கு மிஞ்சாது. அந்தப் பசேல் என்ற இலையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

அப்புறம் அதே வாளியில் சர்க்கரைவள்ளி. கிழங்குகூட வேண்டாம், ஒரு சாண் கொடித்துண்டில் இரண்டு கணுவை மண்ணுக்குள் புதைத்தால் போதும். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) எட்டிப் பார்த்து, கொழுந்தைக் கிள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டார். மறுநாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். உருளை இலையில் இந்த வேலை ஆகாது, அதிலும் நஞ்சு உண்டு. ஆனால் சர்க்கரைவள்ளியிலும் கொழுந்தை மொட்டையடித்தால் கிழங்கு சிறுக்கும். நாலு மாதத்தில் எனக்கு உள்ளங்கை அளவில் மூன்று கிடைத்தது.

தொல்லை அதிலும் இல்லாமல் இல்லை. கொடி கண்ட பக்கம் ஓடும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி விடவேண்டும் என்பது தீயணைப்பு விதி, ஆகவே கம்பு நட்டு மேலே ஏற்றிவிட்டேன். அரைநாள் வெயிலாவது விழாத தாழ்வாரம் என்றால் இரண்டுமே வேண்டாம்.

சரி, பையா வாளியா? துணிப்பையில் வேர் எளிதில் அழுகாது, சூடும் அவ்வளவாகத் தங்காது. ஆனால் வெயில் நாளில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். உருளையை விடமாட்டேன் என்கிறவர்களுக்குப் பைதான். சர்க்கரைவள்ளிக்கு வாளியே தாராளம். எதுவானாலும் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள், டெங்கிக் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.

இந்த மாதம் கூடையில் மறுபடி நாலு உருளை முளைவிடப் பார்த்தது. முந்திக்கொண்டு பொடிமாஸ் செய்துவிட்டேன்.