சொட்டு மருந்து நீர்ச்சோதனைப் பெட்டி: எந்தக் குப்பியை எவ்வளவு நம்பலாம்?

மீன் வளர்ப்புக்கென்று விற்கும் சொட்டு மருந்துப் பெட்டிகளில் பொதுவாக ஐந்து சோதனைகள் இருக்கும்: கரைந்த ஆக்ஸிஜன், பி.எச். (நீர் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்ற அளவு), அமோனியா, நைட்ரைட், காரத்தன்மை (பி.எச். ஆடாமல் தாங்கும் திறன்). ஐந்துக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. பெட்டியின் விலைக்கு ஈடு கொடுப்பது ஆக்ஸிஜன் சோதனைதான். பி.எச். குப்பியைப் பார்த்து வாங்க வேண்டும். அமோனியா குப்பி தனியாகச் சொல்வது பாதிச் செய்தி.

ஆக்ஸிஜனுக்குக் கண்ணாடிக் குப்பியை நீருக்குள் சாய்த்து, காற்றுக் குமிழ் ஒன்றுகூட நிற்காமல் நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடி, கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினால் திரிதிரியாகப் படிவு வரும். பழுப்பு என்றால் ஆக்ஸிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக ஒன்றுமில்லை. மிச்சச் சோதனையை அப்படியே வைத்துவிட்டு ஏரேட்டரை (காற்றூட்டும் கருவியை)ப் போடுங்கள். படிவு பாதி உயரத்துக்கு இறங்கியதும் அமிலம் விட வேண்டும். தெளிந்த மஞ்சள் நீரில் தையோசல்பேட் விட்டு, நிறம் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும்வரை மறுபடி தையோசல்பேட். மொத்தம் எவ்வளவு தையோசல்பேட் விட்டோமோ, அதுதான் ஆக்ஸிஜனின் கணக்கு. இந்தக் கடைசி வேலைக்குச் சொட்டுக் குப்பி கொடுக்கும் பெட்டியைவிட, கோடு போட்ட சிரிஞ்ச் கொடுக்கும் பெட்டி எவ்வளவோ மேல். குப்பியைச் சாய்த்துப் பிடித்தாலே சொட்டின் அளவு மாறிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய கோளாறு தையோசல்பேட் பழசாவது. வீரியம் குறைந்தால் அதிகம் விட வேண்டிவரும். அதாவது குளத்தில் இல்லாத ஆக்ஸிஜனை இருப்பதாகக் காட்டும். பயப்பட வேண்டிய நேரத்தில் தைரியம் சொல்லும் தவறு இது. சரிபார்ப்பது எளிது: நல்ல தண்ணீரைப் பாதிக் குடுவை எடுத்து இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, குமிழ் அடங்கியபின் சோதியுங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில், 28 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 7.8 மி.கி. அருகில் வர வேண்டும். 9, 10 என்று வந்தால் அந்தக் குப்பியை மாற்றுங்கள். கார அயோடைடுக் குப்பியில் நைட்ரைட்டின் குறுக்கீட்டைத் தடுக்கும் அசைடு சேர்த்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நைட்ரைட் உள்ள நீரிலும் அளவு கூடுதலாகவே காட்டும்.

எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது பெட்டியின் தரத்தைவிட முக்கியம். பாசி அடர்ந்த குளம் பிற்பகலில் 10 மி.கி.க்கு மேல் காட்டிவிட்டு, விடியுமுன் 2-க்கு இறங்கிவிடும். அதனால் விடிவதற்கு முன், மேல்நீரிலும் அடித்தரைக்கு ஒரு சாண் மேலேயும் எடுக்க வேண்டும். 5-க்கு மேல் நிம்மதி. 3-க்குக் கீழ் என்றால் அன்றைய தீவனத்தை நிறுத்துங்கள்.

பி.எச். குப்பியில் ஏமாறுவது சுலபம். மீன்தொட்டிக்கான பெட்டிகளில் 6.0 முதல் 7.6 வரை மட்டும் காட்டும் சாயம் இருக்கும். அதற்கு மேல் எல்லாமே ஒரே நீலம். குளத்து நீர் பிற்பகலில் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். 4 முதல் 10 வரை காட்டும் குப்பியாகப் பாருங்கள். பச்சை நீரை வடிதாளில் வடிகட்டாமல் சோதித்தால் பாசியின் நிறமும் சேர்ந்து கண்ணைக் குழப்பும்.

அமோனியா சோதனை காட்டுவது மொத்த அமோனியா. மீனைக் கொல்வது அதில் அயனியாகாத பங்கு (NH3 வடிவில் இருப்பது) மட்டும். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை; 8 என்றால் சுமார் 6.5, 9 என்றால் 41. ஆக, பெட்டியின் நிற அட்டையில் அதே 1 மி.கி. நிறம் வந்தாலும், காலையில் ஒன்றுமில்லாதது பிற்பகலில் ஆபத்து. இந்தச் சோதனையைப் பிற்பகல் பி.எச்.சோடு சேர்த்தே செய்ய வேண்டும். அமோனியா ஏறிய குளத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்; பி.எச். எகிறிவிடும். தீவனத்தைக் குறைப்பதும் நீர் மாற்றுவதும்தான் வழி. இரண்டு வகை மருந்து விற்கிறது: நெஸ்லர், சாலிசிலேட். நெஸ்லரில் பாதரசம் இருப்பதால் சாலிசிலேட்டே நல்லது. பச்சை நிறம் முழுதாக ஏறப் பெட்டியில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் குறைவாகத் தெரியும்.

நைட்ரைட் குப்பி பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நைட்ரைட் மீனின் உடலுக்குள் ஏறுவதை நீரிலுள்ள குளோரைடு தடுக்கும். நைட்ரைட்-நைட்ரஜன் (நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் வைத்த கணக்கு) லிட்டருக்கு 1 மி.கி. வந்தால் குளோரைடு அதைப்போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். 1000 கனமீட்டர் நீருக்குச் சுமார் 16 முதல் 17 கிலோ கல் உப்பு அந்த 10 மி.கி.யைத் தரும்.

காரத்தன்மைக் குப்பியைப் பலர் திறப்பதே இல்லை. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழ் இருந்தால் பி.எச். காலைக்கும் மாலைக்கும் தாறுமாறாக ஆடும். விவசாயச் சுண்ணாம்பு (சுடாத சுண்ணாம்புக்கல் பொடி) தேவை. 50-க்கு மேல் இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

நீரில் தோய்த்து நிறம் பார்க்கும் சோதனைத் தாள்களை இந்தப் பெட்டிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். குளங்கள் பல என்றால் ஆக்ஸிஜன் மீட்டர் வாங்குவது நேரத்தை மிச்சமாக்கும். மற்றபடி கடையில் காலாவதித் தேதியை ஒவ்வொரு குப்பியிலும் தனித்தனியே பாருங்கள், கையுறை போட்டுச் சோதியுங்கள், சோதித்த நீரைக் குளத்தில் ஊற்றாமல் மூடியுள்ள பாத்திரத்தில் தனியே சேர்த்து வையுங்கள்.