புயலடிக்கிற ஊரில் வானிலை சர்வருக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் டேவிஸ் வான்டேஜ் வியூ வானிலை நிலையம் ஒன்று சில வருடங்களாக நிற்கிறது. மழை, காற்று, வெப்பநிலை எல்லாம் அது அளக்கும். கீழே ஒரு கம்ப்யூட்டரில் வீவெக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்தக் கணக்கை வாங்கிச் சேமித்து, படம் வரைந்து, வீட்டு வைஃபையில் காட்டும். கருவியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். இதே வேலைக்கு நான்கு விதமான பெட்டிகளை ஓட்டிப் பார்த்தாயிற்று.

முதலில் ஒன்று: இது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினால் ஒரு நாளைக்கு 288 வரி, வருடத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம். எஸ்க்யூஎல்லைட் என்ற சின்ன டேட்டாபேஸ் கோப்பு ஒன்றில் அடங்கிவிடும். கல்யாண வீட்டில் எடுத்த செல்போன் போட்டோக்கள் இதைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் வேகத்தைப் பார்த்துப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில்தான் சிக்கலும்.

பழைய டெஸ்க்டாப்பில்தான் ஆரம்பித்தேன். வாட் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் சும்மா இருக்கும்போதே 60 வாட் காட்டியது. இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் பெரும்பங்கை மழை பெய்ததா என்று பார்க்கவே செலவழித்தோம். அப்புறம் பழைய லேப்டாப். 12 வாட்தான், சொந்த பேட்டரியும் உண்டு. ஆனால் எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும், எங்கள் ஊர் மே மாத வெயிலில் சீக்கிரமே உப்பும். ஃபேன் வேறு. கடலோரத்தில் ஃபேன் உள்ள எந்தச் சாதனமும் உப்புக் காற்றை இழுத்து உள்ளே நிரப்பிக்கொள்ளும். சர்வருக்கு ஃபேன் இல்லாத பெட்டி என்று அப்போதே முடிவு செய்தேன்.

சரி, மின்கட்டணத்துக்காகத்தான் குறைந்த வாட்டா? உண்மையில் இல்லை. 3 வாட் பெட்டிக்கும் 10 வாட் பெட்டிக்கும் இரண்டு மாதத்தில் பத்து யூனிட்தான் வித்தியாசம், அதற்காக யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் தெரிவது கரண்ட் போன பிறகு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வானிலைக் கருவி வைத்திருப்பவனுக்கு மற்ற நாளெல்லாம் விட்டுப்போனாலும் பரவாயில்லை, அந்த மாதிரி ஒரு ராத்திரி விட்டுப்போகக் கூடாது. அந்த ராத்திரியில்தான் கரண்ட் இருக்காது.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் தாளில் 84 வாட்-மணி இருக்கும். பேட்டரி கெடாமல் எடுக்க வேண்டுமென்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எடுக்கலாம். 10 வாட் பெட்டி அதில் ஐந்து மணி நேரம் ஓடும். 3 வாட் பெட்டி ஒரு முழு ராத்திரியைத் தாண்டி மறுநாள் மத்தியானம் வரை போகும். "வீட்டில் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கட்டும். அதில் மின்விசிறியும் லைட்டும் ஓடும், பேட்டரி எப்போது தீரும் என்பது உங்கள் கையில் இல்லை. தவிர, இன்வெர்ட்டர் எதுவும் ஓட்டாமல் நின்றாலும் தனக்கென்று பத்துப் பதினைந்து வாட் எடுத்துக்கொள்ளும். 3 வாட்டுக்காக 230 வோல்ட் உண்டாக்கி மறுபடி 5 வோல்ட்டாக இறக்குவது வீண். நான் தனி பேட்டரியிலிருந்து, வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் வைத்து நேராக 5 வோல்ட் எடுக்கிறேன்.

அடுத்து வந்தது ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ என்ற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர். ஒரு வாட்டுக்கும் குறைவு. உள்ளங்கையில் பாதி. படம் வரைய நிதானமாகத்தான் வரையும், ஆனால் அவசரம் யாருக்கு? இப்போது வாங்குபவர் ஸீரோ 2 டபிள்யூ வாங்கலாம். 2021இல் வந்தது, நான்கு கோர், அந்த மந்தம் இல்லை. பை வகையில் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று மின்சாரம். கையில் கிடைத்த செல்போன் சார்ஜரையும் மெல்லிசு ஒயரையும் போட்டால் 5 வோல்ட் பலகைக்குப் போய்ச் சேரும்போது 4.6 ஆகியிருக்கும். 4.63க்குக் கீழே போனால் பெரிய பைகள் எச்சரிக்கை காட்டும், ஸீரோ வகை அதுகூடக் காட்டாது. ராஸ்பெர்ரியின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட் கொடுப்பது ஒயரில் போகிற அந்தக் கொஞ்சத்தை ஈடுகட்டத்தான். தடித்த, குட்டை ஒயர் போதும்.

இரண்டு, மெமரி கார்டு. விடாமல் எழுதினால் கார்டு தேயும், எழுதும்போது கரண்ட் போனால் கோப்பு சிதையும். எனக்கு ஒரு கார்டு அப்படிப் போனது. வலைப்பக்கமும் படங்களும் லாக் கோப்புகளும் ராமில் எழுதும்படி மாற்றினால் கார்டில் எழுத மிஞ்சுவது டேட்டாபேஸ் மட்டும்தான். அதிகம் எழுதினாலும் தாங்கும் ஹை என்ட்யூரன்ஸ் கார்டு கொஞ்சம் விலை கூட, வாங்கலாம்.

மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை: கடிகாரம். ஸீரோவில் கடிகாரச் சில்லு கிடையாது. நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கரண்ட் போய் வந்து, இணையம் வராமல் இருந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். புயல் நாளில் நடப்பது இதுவேதான். காற்று உச்சத்தைத் தொட்டது எத்தனை மணிக்கு என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. டிஎஸ்3231 கடிகாரப் பலகை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், நான்கு ஒயர்தான். ஒரு எச்சரிக்கை: மலிவுப் பலகைகளில் பேட்டரியை சார்ஜ் செய்கிற சுற்று இருக்கும், நாம் போடுவதோ சார்ஜ் ஏற்கக் கூடாத சிஆர்2032. அந்தச் சுற்றில் இருக்கும் டயோடையோ ரெசிஸ்டரையோ சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள்.

இப்போது ஓடுவது நான்காவது பெட்டி, டெல் வைஸ் 3040. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் தின் கிளையன்ட், அதாவது பெரிய சர்வரை நம்பி ஓடும் சின்னக் கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தது. கடைக்கார இளைஞர், "அண்ணே, இதுல விண்டோஸ் ஓடாது, பார்த்துக்கோங்க" என்று எச்சரித்தே கொடுத்தார். டெபியன் லினக்ஸ் ஓடுகிறது, போதும். ஃபேன் இல்லை, 2 ஜிபி ராம், உள்ளேயே ஈஎம்எம்சி நினைவகம், சொந்தக் கடிகாரம். வாட் மீட்டரில் 3 சுற்றி நிற்கிறது. பை ஸீரோவைவிட மூன்று மடங்குக்கு மேல் வாட்தான், ஆனால் அடாப்டர், கார்டு, கடிகாரம் என்று தனித்தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. வாங்கும்போது அடியில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள்: 5 வோல்ட், 12 வோல்ட் என இரண்டு வகை உண்டு, மாற்றிக் குத்தினால் கதை முடிந்தது. பயாஸில் (ஆன் செய்ததும் வரும் அமைப்புப் பக்கம்) கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஃபெஞ்சல் வந்தபோது இந்தப் பெட்டிதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்ற புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கம் இணையம் போனது, கரண்ட் போனது, காற்றழுத்தக் கோடு மட்டும் அறுபடாமல் இறங்கி, அடியிலேயே நெடுநேரம் படுத்திருந்து, மெல்ல ஏறியது. விடிந்ததும் பக்கத்து வீட்டு மாமா மதில் பக்கம் நின்று, "தம்பி, உன் மெஷின் எவ்ளோ சொல்லுது?" என்றார். சொன்னேன். டிவியில் சொன்ன கணக்கோடு ஒத்துவரவில்லை என்றார். ஒத்துவராதுதான்: வானிலை மையம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை கூட்டும், வீவெக்ஸ் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. டேட்டாபேஸில் ஒரு வரிக் கேள்வி எழுதி 8.30 கணக்கை எடுத்தால்தான் ஒப்பிட முடியும். மழையை எண்ணக் கருவிக்குள் ஆடும் சின்னக் கரண்டியும் பேய்மழையில் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

ராஸ்பெர்ரி பையில் இன்னும் பெரியது வேண்டுமா? பை 5இல் கடிகாரம் உண்டு, ஆனால் 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் கேட்கும். இந்த வேலைக்கு அதிகம். இன்டெல் என்100 மினி பிசி அருமையான பெட்டி. கேமரா பதிவு, போட்டோ சேமிப்பு எல்லாம் ஒன்றிலேயே வேண்டும் என்றால் அதை வாங்குங்கள், வானிலைக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

பட்ஜெட்டைக் கம்ப்யூட்டரில் குறைத்து, கருவியின் டேட்டா லாகருக்குக் கொடுங்கள் என்பேன். டேவிஸ் லாகர் 2560 பதிவுகளைத் தன்னிடமே வைத்திருக்கும், ஐந்து நிமிடக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது நாள். கன்சோலில் (கருவியின் கணக்கை வீட்டுக்குள் காட்டும் பெட்டி) பேட்டரி செல் போட்டிருந்தால் சர்வர் செத்துக் கிடந்த நாட்களின் கணக்கையும், அது எழுந்ததும் வீவெக்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும். எஸ்டிஆர் டாங்கிளில் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்) கருவியின் ரேடியோ சிக்னலைப் பிடிக்கிற மலிவு வழியில் இது கிடையாது. சர்வர் கேட்காத நேரம் போனது போனதுதான், அந்த வழியில் போகிறவர்கள் பேட்டரியைப் பெரிதாக வாங்குங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் தினமும் ராத்திரி ஒரு பென் டிரைவுக்கு நகலாகிறது. ஈஎம்எம்சி போர்டோடு ஒட்டியது, போனால் மாற்ற முடியாது. மழைக்காலத்துக்கு முன்னால் யுஎஸ்பி முனைகளில் களிம்பு ஏறியிருக்கிறதா பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கிறேன். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். பழைய ஸீரோ, கார்டு போட்டு, வீவெக்ஸ் ஏற்றி, அலமாரியில் மாற்றாக இருக்கிறது.