640 வெள்ளி போயிற்று: "மண் பார்த்துத் தருகிறேன்" என்று வாசலுக்கு வருபவரை நம்பாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் அதே ஆள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

நாங்கள் இருப்பது ஜொகூரில் ரெங்கம். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர். அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகும் அவர் கை சும்மா இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பதினைந்தடி இடத்தில் கீரை, கத்தரி, மிளகாய், வெண்டை. கீரையை ஒரு கட்டு ஒரு வெள்ளி என்று அக்கம்பக்கத்தில் கொடுப்பார். அந்தக் காசு ஒரு பழைய மைலோ டின்னுக்குப் போகும். இப்போது போன 640 வெள்ளி அந்த டின்னில் இருந்த பணம். 640 கட்டுக் கீரை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கொஞ்ச நாளாகவே செடிகள் சரியில்லை. மிளகாய் நாற்று முழங்கால் உயரம் வருவதற்குள் நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக, நுனி கருத்து, தடித்துக் கிடக்கும். மண் புளித்துவிட்டது என்று அம்மாவே சொன்னார். அவர் சொன்னது சரிதான். இந்த நாட்டு மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. யூரியா போடப் போட இன்னும் புளிக்கும். மண்ணாராய்ச்சிக்காரர்கள் ஒரு மண் வகைக்கே ரெங்கம் என்று எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். கருங்கல் சிதைந்து உண்டான மண் அது, இயல்பிலேயே அமிலம் கூடியது.

இந்த நேரத்தில்தான் பக்கத்து ஊர் விவசாயப் பொருள் கடை ஒன்று கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லவில்லை. பூந்தொட்டி, விதை, உரம் விற்கிற கடை. கைப்பேசியில் நேரலையும் போடுவார்கள். "இலவச மண் பரிசோதனை, வீட்டுக்கே வருவோம்" என்றிருந்தது. நான்தான் செய்தி அனுப்பினேன்.

மறுநாளே வேனில் வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "பாட்டி, எங்க தாத்தாவும் தோட்டத்துல மண்டோர்தான்" என்றான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று பேச்சு ஓடியது. அம்மா வரக்கோப்பி போட்டுக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினான், இரண்டு கம்பி உள்ள கருவியை மண்ணில் குத்தினான், மண்ணின் புளிப்பைக் காட்டும் முள் இடது பக்கம் சாய்ந்து மூன்றரையில் நின்றது. "பாட்டி, மண்ணு செத்துப்போச்சு. ஆனா பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றான்.

அந்த "நான் இருக்கேன்" இன்னும் காதில் நிற்கிறது. அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

மண் சரிப்படுத்தும் தூள், ஐந்து கிலோ பை 45 வெள்ளி. எங்களுக்குப் பன்னிரண்டு பை வேண்டுமாம். 540. கருவி 100. மொத்தம் 640 வெள்ளி. "தூவி மூணே நாள்ல நடலாம்" என்றான். அம்மா டின்னைக் கொட்டி எண்ணினார். நான் வாங்கி வைத்துக்கொண்டு அவன் காட்டிய கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பினேன். கடைப் பெயரில்லை, ஒரு தனி ஆள் பெயர். பார்த்தேன், இருந்தும் கேட்கவில்லை. ரசீது என்று ஒரு துண்டுத் தாள் கொடுத்தான், அதில் முத்திரை கூட இல்லை.

பத்துப் பை போட்டோம், எண்பது மிளகாய் நாற்று நட்டோம். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமும் அதே குட்டை வேர்.

போன் செய்தேன். "மழை கழுவிடுச்சுக்கா, இன்னும் நாலு பை போடுங்க, சலுகை விலையில தரேன்." மறுவாரம், "முதலாளி அவுட்ஸ்டேஷன், வந்ததும் பேசச் சொல்றேன்." அதற்கப்புறம் என் செய்திக்கு நீல டிக் மட்டும் விழும், பதில் வராது. நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போனேன். கல்லாவில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறாள், "அவரு எங்க ஆளு இல்ல, கமிஷனுக்கு விக்கிறவரு. நீங்க அவருகிட்டதான் கேக்கணும்." நேரலையில் அதே கடைக்குள் நின்றுதான் அவன் பேசினான்! எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி கூடக் காட்டவில்லை. வரும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பணத்தை விடப் பெரிய வலி.

சாயங்காலம் எதிர்வீட்டு ஆசிரியரிடம் சொன்னேன். இடைநிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். கருவியைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறிவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் குத்தச் சொன்னார். பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண், ஏழு என்றால் நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு இரண்டு, இரண்டரைக்குள் இருக்க வேண்டும். இது ஆறரை காட்டியது! காய்ந்த மண்ணில் ஏழு, நனைத்தால் ஆறு. இந்த வகைக் கருவியில் பேட்டரியே கிடையாது. இரண்டு வேறு உலோகக் கம்பிகளுக்கு இடையே ஈரத்தில் ஓடும் சின்ன மின்சாரத்தைத்தான் முள் காட்டுகிறது. ஈரம் எவ்வளவு, எப்படிக் குத்துகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். 100 வெள்ளி கொடுத்து நான் வாங்கியது இதைத்தான்.

பிறகு அவருடைய சொந்த மீட்டரை எடுத்து வந்தார். முதலில் 4.01, 6.86 என்ற இரண்டு கரைசல்களில் வைத்துச் சரிபார்த்தார். மண் ஒரு பங்கு, வடித்த நீர் இரண்டரைப் பங்கு, கலக்கி அரை மணி நேரம் வைத்தோம். தூள் போட்ட பாத்தி 4.6. தூளே போடாத வேலியோரம் 4.5. ஐம்பது கிலோ தூள் போட்டும் மண் அசையவே இல்லை! காய்கறிக்கு ஆறுக்கு மேல், ஏழுக்குள் இருந்தால் நல்லது. நாலரையில் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கிவிடும் என்றார். அம்மா பிடுங்கிக் காட்டிய குட்டை வேர் அதனால்தான்.

மண்ணின் புளிப்பைக் குறைப்பது சுண்ணாம்புதான், அது வினிகர் பட்டால் குமிழி விடும். அவன் கொடுத்த தூளில் வினிகர் ஊற்றினோம். தூசி மாதிரி அப்படியே கிடந்தது. உரக்கடையில் வாங்கிய உண்மையான சுண்ணாம்புக்கல் தூளில் ஊற்றியபோது சிறு சிறு குமிழியாகக் கிளம்பியது. செம்பனைத் தோட்டங்களில் போடுகிற அதே மக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூள்தான் அது. ஐம்பது கிலோ மூட்டை எனக்கு 22 வெள்ளிக்குக் கிடைத்தது. ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் போதும். எங்கள் 28 சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. அவன் தலையில் கட்டியது அறுபது கிலோ. அது நிஜச் சுண்ணாம்பாக இருந்திருந்தால், அந்த அளவுக்கு மண் மறுபக்கம் கெட்டு, இரும்புச் சத்து கிடைக்காமல் குருத்து மஞ்சளாகியிருக்கும். 22 வெள்ளியில் முடிய வேண்டிய வேலைக்கு 640 வெள்ளி.

எப்படிப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத குத்துக் கருவியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள், முதலில் எலுமிச்சைச் சாற்றில் குத்திப் பாருங்கள். மூன்று நாளில் மண் மாறும் என்று யார் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். சுண்ணாம்புத் தூள் மண்ணோடு கலந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். யூரியா, கோழி எருவோடு ஒரே நாளில் போடாதீர்கள், சத்து ஆவியாகப் போய்விடும். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன், மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஐந்து வெள்ளிதான் கட்டணம். பணம் அனுப்பிய பதிவு, அவன் செய்திகள், அந்தத் துண்டுத் தாள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பிரிக்காத இரண்டு பை கொல்லையில் இருக்கிறது. அம்மா தூக்கிப் போடப் போனார், தடுத்துவிட்டேன். அதையும் கொண்டு போகப் போகிறேன்.