மாஃபுஷி: 60 டொலர் அறை 89 ஆகும் தீவு

மாலைதீவு என்றதும் நினைவுக்கு வரும், தண்ணீர்மேல் நிற்கும் மரவீடுகள் மாஃபுஷியில் இல்லை. இது ஆட்கள் குடியிருக்கும் ஊர். பள்ளிவாசல், பாடசாலை, சிறைச்சாலை, இடையில் நெருக்கியடித்துக்கொண்டு விருந்தினர் விடுதிகள். எங்கும் நடந்தே போகலாம். கொழும்புக்காரரின் கைக்கு எட்டும் மாலைதீவு இதுதான். ஆனால் விலைப்பட்டியலை அப்படியே நம்பிப் போனால் கை சுடும்.

இணையத்தில் 60 டொலர் என்று போட்டிருக்கும் அறையைப் பாருங்கள். 10 வீத சேவைக் கட்டணம் ஏறி 66. அந்த 66இன் மேல் 17 வீத சுற்றுலா வரி விழுந்து 77.22. பிறகு பசுமை வரி: 50 அறைகளுக்கு மேற்படாத விடுதியில் தலைக்கு, இரவுக்கு 6 டொலர், பெரிய ஹோட்டலில் 12. இருவர் தங்கினால் ஓரிரவு 89.22. எந்தெந்த வரி அடங்கியது என்று முன்பதிவுக்கு முன்னமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பசுமை வரியை மட்டும் புறப்படும் நாளில் தனியாக நீட்டும் விடுதிகள் உண்டு.

கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்பு; அங்கே நேரம் நமக்கு அரை மணி பின்னே. 30 நாள் விசா இறங்கியதும் இலவசம். பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். அதுவும் இலவசம்தான், காசு கேட்டால் அது போலித் தளம். விமான நிலையப் படகுத்துறையிலிருந்து மாஃபுஷிக்கு ஸ்பீட்போட்டில் சுமார் 40 நிமிடம். பின் இருக்கையில் உட்காருங்கள், முன்பக்கம் அலையில் தூக்கிப் போடும். இரவு பிந்தி இறங்கும் விமானத்தைத் தவிர்ப்பது நல்லது. கடைசிப் படகு போய்விட்டால் விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலே தீவில் ஓர் அறைக்குத் தண்டம் கட்டவேண்டும்.

வெள்ளி, சனி அங்கே வார விடுமுறை. வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை முடியும்வரை கடைகள் பூட்டு. மற்ற நாள்களிலும் தொழுகை நேரத்தில் கதவு சாத்துவார்கள். நீச்சலுடைக்கென்று மறைப்புக் கட்டிய கடற்கரை ஒன்று உண்டு, வேறெங்கும் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். மது ஊருக்குள் கிடையாது; கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட படகில்தான். டியூட்டி ஃப்ரீ போத்தலைச் சுங்கத்தில் எடுத்துவைப்பார்கள். ரசீதைப் பத்திரப்படுத்தினால் திரும்பும்போது கிடைக்கும்.

சாப்பாட்டில் காலை மஸ் ஹுனிக்கே முதலிடம். உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி எல்லாம் கையால் பிசைந்து, சூடான ரோஷி ரொட்டியோடு தருவார்கள். மாசி போட்ட சம்பலைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. பின்னேரம் தேநீர்க்கடையில் மீன் வைத்துப் பொரித்த குல்ஹா, பஜியா. நம்மூர் சோர்ட் ஈட்ஸின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான பஃபேயைவிட இந்தக் கடைகள் மலிவு, ருசியும் கூட. உள்ளூர்க் காசான ரூஃபியாவில் கொடுங்கள்: டொலருக்கு 15.42 என்பது அரசு வீதம், கடையில் 15 என்று முடித்துவிடுவார்கள்.

மணல்திட்டுக்கும் ஆமை பார்க்கவும் போகும் அரைநாள் படகில் நீருக்குள் பார்க்கும் முகமூடி, துடுப்புக்காலணி, மதிய உணவு அடங்குமா என்று கேளுங்கள். மே முதல் நவம்பர்வரை தென்மேற்குக் காற்றில் பயணம் ரத்தாகலாம். காசு திரும்புமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.